கையில் வாட்ச், பையில் போன்: உடல்நலத்துக்கு உருப்படியாகப் பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

புதிதாக ஸ்மார்ட்வாட்ச் வாங்கியவரின் முதல் வாரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையைத் திருப்பிப் பார்ப்பார். "உட்கார்ந்திருந்தப்போ இதயத் துடிப்பு 78, மாடி ஏறினதும் 112 ஆயிடுச்சு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவார். மூன்றாவது மாதம் அது மேசை டிராயரில் சார்ஜ் இறங்கிக் கிடக்கும். நானும் அப்படி ஒரு ஃபிட்னஸ் பேண்டை (வாட்ச் போல மணிக்கட்டில் கட்டும் எளிய பட்டை) டிராயரில் போட்டவன்தான். எதைத் தெரிந்துகொள்ள அதை வாங்கினோம் என்று யாராவது அன்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

அதனால் இந்த வழிகாட்டி கடையில் தொடங்கவில்லை. முதல் இரண்டு படிகளுக்கு ஒரு பைசா செலவில்லை. பலருக்கு அந்த இரண்டே போதும்.

படி 1: ஒரு கேள்வியை எழுதுங்கள்

"ஆரோக்கியமா இருக்கணும்" என்பது ஆசை. அதற்கு எந்தக் கருவியும் பதில் சொல்லாது. கேள்வி இப்படி இருக்க வேண்டும்: புது மாத்திரை ஆரம்பித்த பிறகு காலை நேர ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறதா? உட்கார்ந்தே பார்க்கும் வேலையில் ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறேன்? எட்டு மணி நேரம் படுக்கிறேன், அதில் தூங்குவது எவ்வளவு? தனியாக இருக்கும் அம்மா கீழே விழுந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

நான்குக்கும் நான்கு வேறு பதில்கள். முதல் கேள்விக்கு வாட்சே வேண்டாம். மேல்கையில் பட்டை சுற்றி அளக்கும் பிபி மெஷின் வேண்டும். இரண்டாவதற்குப் பையில் இருக்கும் போன் போதும். மூன்றாவதற்கு ஒரு சாதாரண பேண்ட். நான்காவதற்கு, விழுந்ததைக் கண்டுபிடித்துத் தானாகவே அழைக்கும் வசதியுள்ள வாட்ச். அதில் நடை எண்ணிக்கை எப்படி இருந்தால் நமக்கென்ன?

எழுதிய பிறகு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த எண் கூடினால் நான் என்ன செய்வேன், குறைந்தால் என்ன செய்வேன்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்த எண்ணை அளக்க வேண்டிய அவசியமே இல்லை.

படி 2: இருக்கிற போனை இரண்டு வாரம் பயன்படுத்துங்கள்

இன்றைய ஸ்மார்ட்போன்களில் அசைவை உணரும் சென்சார் உண்டு. நடையை அதுவே எண்ணிவிடும். ஐபோனில் 'ஹெல்த்' ஆப் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் சாம்சங் ஹெல்த் மாதிரி ஏதாவது ஒன்று போதும். ஆண்ட்ராய்டு 14 முதல் 'ஹெல்த் கனெக்ட்' என்ற வசதி போனோடு சேர்ந்தே வருகிறது. ஓர் ஆப் பதிந்ததை, நீங்கள் அனுமதித்தால், இன்னோர் ஆப் படிக்க அது வழி செய்கிறது. ஒரே நிபந்தனை, போன் உங்களோடு இருக்க வேண்டும். மேசைமேல் வைத்துவிட்டு வீடு முழுக்க நடந்தால் அது மேசையின் நடையைத்தான் எண்ணும்.

இதே நாளில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை உண்டு. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். போனைத் திறக்காமலே லாக் ஸ்கிரீனில் தெரியும்படி அவசர மருத்துவத் தகவலை நிரப்புங்கள்: ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரைகள், நாள்பட்ட நோய், ரத்த வகை, அழைக்க வேண்டியவரின் எண். ஐபோனில் ஹெல்த் ஆப்புக்குள் 'மெடிக்கல் ஐடி' என்ற பெயரில் இருக்கும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் பாதுகாப்பு, அவசரநிலை என்ற பகுதியில் தேடுங்கள். நிரப்பியதும் போனை லாக் செய்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, "நான் மயங்கிக் கிடக்கிறேன், என் மாத்திரை என்னன்னு கண்டுபிடி" என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை பெரும்பாலும் கண்டுபிடிக்க மாட்டார்கள். காட்டிக் கொடுங்கள்.

மாத்திரை நினைவூட்டும் ஆப்பும் இந்தக் கட்டத்திலேயே வைத்துக்கொள்ளலாம். அலாரம் அடிப்பது அதில் சின்ன விஷயம். "சாப்பிட்டேன்" என்று தொட்டு வைக்கும் அந்தப் பதிவுதான் பெரிது. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இரண்டாவது தடவை போட்டுக்கொள்கிற ஆபத்து அதனால் குறையும்.

படி 3: எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், பதற்றமும் மிச்சம்.

வாட்சின் பின்பக்கம் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் பாயும்போது திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். துடிப்புக்கு நடுவில் கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் இதயத் துடிப்பைச் சொல்கிறது. எனவே ஒளி ஒழுங்காகப் போய் வராத எல்லா இடத்திலும் கணக்கு தவறும்: தளர்ந்த பட்டை, மணிக்கட்டில் பச்சை குத்தியிருப்பது, சில்லிட்ட கை, கையை வேகமாக ஆட்டும் உடற்பயிற்சி. ஓடும்போது சில நேரம் வாட்ச் உங்கள் துடிப்பை விட்டுவிட்டு, கால் தரையில் படும் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நிதானமாக ஓடும்போதே 170 என்று காட்டினால் பதறாமல் நின்று, கழுத்தில் விரல் வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் துடிப்புக் கணக்கு பொதுவாக நன்றாகவே இருக்கும். கலோரிக் கணக்கு அப்படி இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 கருவிகளைச் சோதித்து 2017ல் வெளியிட்ட முடிவில், 6 கருவிகளின் துடிப்புக் கணக்கில் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. செலவான ஆற்றலைக் கணக்கிட்டதில், இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் முன்னேறியிருக்கின்றன என்றாலும், "400 கலோரி எரிச்சாச்சு" என்று வாட்ச் சொன்னதை நம்பி 400 கலோரிக்குச் சாப்பிடுவது வேண்டாம்.

ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவுக்குச் சிவப்பும் அகச்சிவப்பும் கலந்த ஒளி. ஒரு காலையில் என் வாட்ச், இரவு மூன்று மணிக்கு ஆக்ஸிஜன் 84 சதவீதத்துக்கு இறங்கியதாகக் காட்டியது. வயிற்றைப் பிசைந்தது. பெட்டியைத் துழாவி விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை எடுத்துப் போட்டால் 97. அன்று முழுக்க யோசித்தேன். அடுத்த இரவும் அதே மாதிரி ஒரு பள்ளம். மூன்றாம் நாள் வாட்சை இன்னொரு கைக்கு மாற்றிக் கட்டினேன், பள்ளம் காணாமல் போனது. இடது பக்கம் ஒருக்களித்து, அந்தக் கையைத் தலைக்கு அடியில் மடித்து வைத்துத் தூங்குகிறேன். அழுத்தத்தில் ரத்த ஓட்டம் மாறியதைத்தான் அது "ஆக்ஸிஜன் குறைவு" என்று படித்திருக்கிறது. அதற்காகக் குறைவான அளவை எல்லாம் தள்ளிவிடவும் கூடாது. கை மாற்றிய பிறகும், விரல் ஆக்ஸிமீட்டரிலும் குறைவாகவே வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சு வாங்கினால் எந்த எண்ணுக்கும் காத்திருக்க வேண்டாம்.

கருத்த தோல் உள்ளவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஒளியால் அளக்கும் ஆக்ஸிமீட்டர்கள், தோல் கருப்பாக இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021ல் எச்சரித்தது. திரையில் 95 இருக்கிறது, ஆனால் மூச்சு திணறுகிறது என்றால் மூச்சை நம்புங்கள்.

நடைக் கணக்கு கை அசைவை வைத்து வருவது. பல் துலக்குவதைக்கூட நடையில் சேர்த்துவிடும். தலைகீழாகவும் நடக்கும். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் அத்தை வாக்கர் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் தினமும் இருபது சுற்று நடப்பார். ஆசையாக ஒரு பேண்ட் வாங்கிக் கட்டிவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் 140 ஸ்டெப். "அவ்வளவுதானாடா நான் நடந்தேன்?" என்று அவர் முகம் வாடிப்போனது. வாக்கரைப் பிடித்த கை அசையவே இல்லை, பேண்ட் என்ன செய்யும்? கழற்றிக் கணுக்காலில் கட்டினோம். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. குழந்தை வண்டி தள்ளுபவருக்கும், கையைப் பைக்குள் விட்டு நடப்பவருக்கும் இதே கதைதான்.

தூக்கத்தில், மொத்தம் எத்தனை மணி நேரம் என்பது ஓரளவு சரியாக வரும். ஆழ்ந்த தூக்கம் 52 நிமிடம், கனவுத் தூக்கம் 1 மணி 10 நிமிடம் என்பதெல்லாம் ஊகம். அதைச் சரியாகச் சொல்ல மூளை அலைகளைப் பதிய வேண்டும். மணிக்கட்டில் மூளை அலை கிடையாது. மன அழுத்த மதிப்பெண், 'உடல் தயார்நிலை' போன்றவை ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தக் கணக்கில் தருபவை. நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிடலாம்; பக்கத்து நாற்காலிக்காரரோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

படி 4: வாங்குவதென்றால்

பட்டியல் போட்டு மாடல்களை ஒப்பிடப்போவதில்லை, அடுத்த வருடம் எல்லாம் மாறிவிடும். மாறாதவை சில உண்டு.

பேட்டரியை முதலில் பாருங்கள். தூக்கம்தான் உங்கள் கேள்வி என்றால், தினமும் இரவு சார்ஜ் போட வேண்டிய வாட்ச் உங்களுக்கு உதவாது. அல்லது குளிக்கும் நேரத்தில் சார்ஜ் போடும் பழக்கம் வேண்டும். ஒரு வாரம் தாங்கும் எளிய பேண்ட் பலருக்குப் பொருந்தும். அப்புறம், உங்கள் போனோடு சேருமா என்று பாருங்கள். ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் வேண்டும், ஆண்ட்ராய்டோடு சேராது. மூன்றாவது, மாதச் சந்தா. ஊரா மோதிரம், வூப் பட்டை போன்ற, உடல்நலத்தை அளக்கும் கருவிகளில் கருவியின் விலையோடு கதை முடியாது. சந்தா கட்டினால்தான் முழு விவரமும் தெரியும். தீவிரமாகப் பயிற்சி செய்பவருக்கு மார்பில் கட்டும் பட்டை தனியாக வாங்குவது நல்லது. அது இதயத்தின் மின்துடிப்பையே எடுப்பதால் மணிக்கட்டு வாட்சைவிடத் துல்லியம்.

தோலைக் குத்தாமலே சர்க்கரை அளவைக் காட்டும் வாட்ச், மோதிரம் என்று விளம்பரம் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்படித் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்த ஸ்மார்ட்வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. அந்தத் தவறான எண்ணை நம்பி ஒருவர் இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலுக்குள் உள்ளவர்கள், காந்தம் உள்ள போனையும் வாட்சையும் அதிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். சட்டைப் பைக்குள் போன் கூடாது. கொழுப்பு சதவீதம் காட்டும் எடை மெஷின்கள் உடலுக்குள் சிறிய மின்சாரத்தைச் செலுத்துபவை. அவற்றையும் தவிர்த்து, வாங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

படி 5: கட்டும் நாள்

வயது, உயரம், எடை, எந்தக் கை என்பதைச் சரியாகக் கொடுங்கள். எடையில் கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்தால் கணக்கெல்லாம் அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அளவு மேலே கட்டுங்கள். சாதாரண நேரத்தில் தோலைத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும். பயிற்சியின்போது ஒரு துளை இறுக்குங்கள். பயிற்சி முடிந்ததும் கழற்றிப் பட்டையையும் கையையும் கழுவித் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். வாட்ச் கட்டிய இடத்தில் வரும் அரிப்புக்கு, உள்ளே தேங்கும் வியர்வையும் சோப்பும் பொதுவான காரணம். கழுவியும் சிவப்பு போகவில்லை என்றால் உலோகமோ ரப்பரோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். துணிப் பட்டைக்கு மாறுங்கள்.

பிறகு நோட்டிஃபிகேஷன். வாட்சோடு வரும் எல்லா அறிவிப்பையும் முதல் நாளே அணைத்துவிட்டு, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறப்பது என் வழக்கம். அழைப்பு, சீரற்ற துடிப்பு எச்சரிக்கை, விழுந்தால் அழைப்பது, மாத்திரை. அவ்வளவுதான். "எழுந்து நில்லுங்கள்" என்று மணிக்கொரு தடவை அதிர்வது சிலருக்கு உதவும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதிர்ந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

வயதானவருக்காக வாங்கியிருந்தால் விழுதல் கண்டறியும் வசதி இயங்குகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். ஆப்பிள் வாட்சில் 55 வயது ஆனவர் என்று பதிந்திருந்தால் தானாக இயங்கும். இளையவர் என்றால் நாமே இயக்க வேண்டும். பலமாக விழுந்து, ஒரு நிமிடம் போல அசையாமல் இருந்தால் அது அவசர எண்ணை அழைத்து, நீங்கள் குறித்து வைத்தவர்களுக்கும் செய்தி அனுப்பும். மெதுவாகச் சரிந்து விழுந்தால் தெரியாமல் போகலாம். குளியலறையில் வழுக்கி விழும் ஆபத்து அதிகம், ஆனால் குளிக்கப் போகும்போது வாட்சைக் கழற்றி வைப்பவர்கள்தான் நிறைய. தண்ணீர் தாங்கும் வாட்ச் என்றால் கட்டிக்கொண்டே குளிக்கச் சொல்லுங்கள்.

படி 6: பதினான்கு நாள் எதையும் மாற்றாதீர்கள்

இதுதான் கஷ்டம். வாட்ச் வந்த உற்சாகத்தில் முதல் நாளே எட்டு கிலோமீட்டர் நடந்தால், உங்கள் வழக்கமான நாள் எப்படி இருந்தது என்பது தெரியாமலே போய்விடும். எப்போதும் போல இருங்கள். இரண்டு வாரம் கழித்து மூன்று எண்களைக் குறியுங்கள்: சராசரி நடை, ஓய்வுநிலைத் துடிப்பு, தூங்கிய நேரம்.

பெரியவர்களுக்கு ஓய்வுநிலைத் துடிப்பு 60 முதல் 100 வரை இருப்பது வழக்கம். நன்றாகப் பயிற்சி செய்பவர்களுக்கு 40களில்கூட இருக்கும். இதில் உங்கள் எண் எங்கே இருக்கிறது என்பதைவிட, வழக்கத்திலிருந்து எவ்வளவு நகர்கிறது என்பது சுவாரசியமானது. எப்போதும் 64ல் இருப்பவருக்கு மூன்று நாளாக 74 என்றால் காய்ச்சல், தூக்கக் குறைவு, மது, அதிகப் பயிற்சி என்று ஏதோ ஒன்று இருக்கலாம். பல நேரம் தொண்டை கரகரப்பதற்கு முன்பே இந்த எண் ஏறிவிடும்.

படி 7: இலக்கு வைப்பது

10,000 ஸ்டெப் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த வருடம் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர் 'மன்போ-கேய்'. 'பத்தாயிரம் ஸ்டெப் மானி' என்று பொருள். விளம்பரத்துக்காகச் சூட்டிய பெயர், உலகம் முழுவதும் மருத்துவ அறிவுரை போலப் பரவிவிட்டது.

சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களைக் கவனித்து 2019ல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 2,700 ஸ்டெப் அளவில் நடந்தவர்களைவிட 4,400 ஸ்டெப் நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் போனபோது கூடுதல் வித்தியாசம் தெரியவில்லை. நிறைய நடக்க முடியாதவர்களுக்கு இது நல்ல செய்தி. உங்கள் சராசரி 3,000 என்றால் அடுத்த மூன்று வாரத்துக்கு 4,000 வையுங்கள். அது பழகியதும் இன்னொரு ஆயிரம்.

ஸ்டெப் எண்ணிக்கையில் அக்கறை இல்லாதவர்கள் நிமிடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும் செய்யச் சொல்கிறது. மிதம் என்பதைக் கண்டுபிடிக்க வாட்ச் தேவையில்லை: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. 220லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடும் முறை சராசரிக்குத்தான் பொருந்தும். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருக்கும். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்தக் கணக்கு சுத்தமாக உதவாது, மாத்திரையே துடிப்பை அடக்கி வைத்திருக்கும்.

படி 8: இதயம், பிபி, சுகர்

சில வாட்ச்களில் இசிஜி எடுக்கலாம். பக்கவாட்டுக் குமிழில் விரலை வைத்து 30 நொடி அசையாமல் இருந்தால் போதும். ஆப்பிள் வாட்சின் இந்த வசதிக்கு 2018ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருத்துவமனையில் எடுப்பது 12 கோணங்களில் இதயத்தைப் பார்ப்பது. வாட்ச் பார்ப்பது ஒரே கோணத்தில். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க அது உதவும். அந்தக் கோளாறு பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதால் கண்டுபிடிப்பது முக்கியம். மாரடைப்பை மட்டும் இந்த வாட்ச் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது இசிஜி எடுத்து "நார்மல்" என்று வந்ததால் வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் இந்தக் கருவியால் வரக்கூடிய மிகப் பெரிய கேடு. நெஞ்சு வலி, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்றால் வாட்சைப் பார்க்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

சீரற்ற துடிப்பு என்று எச்சரிக்கை வந்தால்? 4,19,297 பேர் கலந்துகொண்ட ஆப்பிள் ஹார்ட் ஸ்டடியின் முடிவு 2019ல் வெளியானது. அதில் 0.52 சதவீதம் பேருக்குத்தான் எச்சரிக்கை வந்தது. அவர்களில், பின்னர் மார்பில் ஒட்டும் இசிஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு அந்தக் கோளாறு பதிவானது. வந்து வந்து போகும் கோளாறு என்பதால், பட்டை ஒட்டிய நாட்களில் வராமலும் இருந்திருக்கலாம். ஆக, எச்சரிக்கை வந்தால் சில நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள். நள்ளிரவில் பதறி ஓட வேண்டாம், வேறு அறிகுறி இல்லாதவரை.

பிபிக்கு மேல்கைப் பட்டை மெஷின்தான். வாட்சிலேயே பிபி காட்டும் மாடல்கள் உண்டு. சாம்சங் வாட்சில் அந்த வசதியை நான்கு வாரத்துக்கு ஒரு தடவை மேல்கை மெஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். எப்படியும் மெஷின் வேண்டும் என்றால் அதிலேயே அளந்துவிடலாமே. துல்லியம் சோதிக்கப்பட்ட மெஷின்களின் பட்டியல் இணையத்தில் 'ஸ்ட்ரைடு பிபி' தளத்தில் இருக்கிறது. பட்டை உங்கள் கைச் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சின்னப் பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்.

அளக்கும் முறைதான் மெஷினைவிட முக்கியம். முந்தைய அரை மணி நேரத்தில் காபி, புகை, உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டை சட்டைக்கு மேல் இல்லாமல் தோல் மேல் இருக்கட்டும். கை மேசையில், இதய உயரத்தில். பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலை மாத்திரைக்கு முன்பும், மாலையும், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரியைப் பாருங்கள். வீட்டில் அளந்த சராசரிக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல் 135/85ஐயும், அமெரிக்க வழிகாட்டுதல் 130/80ஐயும் எல்லையாக வைக்கின்றன. மாத்திரை அளவை நீங்களே கூட்டிக் குறைக்காதீர்கள்.

சுகருக்கு, கையில் ஒட்டும் தொடர் சர்க்கரை அளவி உண்மையான கருவி. மெல்லிய இழை ஒன்று தோலுக்கு அடியில் இருக்கும். அது ரத்தத்தை அளக்காமல் செல்களுக்கு நடுவே உள்ள திரவத்தை அளப்பதால் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். சாப்பிட்டவுடனும் ஓடும்போதும் சர்க்கரை வேகமாக மாறுகையில் இந்த இடைவெளி பெரிதாகத் தெரியும். அந்தக் கை மேல் படுத்துத் தூங்கினால் இல்லாத தாழ்நிலையைக் காட்டி இரவில் அலறும் (என் ஆக்ஸிஜன் கதைதான்). உடம்பு சொல்வதும் திரை சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்திப் பாருங்கள்.

படி 9: தூக்கமும் சாப்பாடும்

இரண்டையும் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. தூக்கத்தில் படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் மட்டும் கவனியுங்கள். நம்மால் மாற்ற முடிவது அவைதான். வாட்ச் தரும் மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டும் என்ற கவலையிலேயே தூக்கம் கெட்டவர்களைப் பார்த்து, 2017ல் ஆய்வாளர்கள் அந்த நிலைக்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று ஒரு பெயரே வைத்தார்கள். நன்றாக எழுந்திருந்தீர்கள், ஆனால் மதிப்பெண் 61 என்றால், நன்றாகத் தூங்கியிருக்கிறீர்கள். மாறாக, எட்டு மணி நேரம் காட்டியும் பகலில் கண் சொக்குகிறது, பலமாகக் குறட்டை விடுவதாக வீட்டில் சொல்கிறார்கள் என்றால், மதிப்பெண் என்னவாக இருந்தாலும் தூக்க மூச்சடைப்புக்கான பரிசோதனையைக் கேளுங்கள்.

சாப்பாட்டை எழுதும் ஆப்பை ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள் வைத்துக்கொண்டால் எங்கே கூடுதலாகப் போகிறது என்பது தெரிந்துவிடும். அதற்குமேல் காலமெல்லாம் எழுதத் தேவையில்லை. உணவுப் பழக்கக் கோளாறு முன்பு இருந்தவர்களுக்கு இந்த ஆப் வேண்டவே வேண்டாம்.

படி 10: தகவல் யாரிடம் போகிறது?

மருத்துவமனையில் இருக்கும் உங்கள் கோப்புக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு, ஆப்பில் நீங்கள் பதியும் தகவலுக்குப் பல நாடுகளில் கிடையாது. 2018ல், சாப்பாட்டையும் கலோரியையும் பதியும் மைஃபிட்னஸ்பேல் ஆப்பின் சுமார் 15 கோடிக் கணக்குகளின் விவரம் திருடு போனது. அதே வருடம், ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா ஆப் வெளியிட்டிருந்த ஓட்டப்பாதை வரைபடத்தில் ராணுவ முகாம்களின் இருப்பிடமே ஒளிர்ந்ததைக் கவனித்தார்கள்; வீரர்கள் காலையில் ஓடிய தடங்கள் அவை. மாதவிடாய் கணக்கு ஆப்பான ஃப்ளோ, பயனர் தகவலை வெளி நிறுவனங்களுடன் பகிர்ந்ததாக எழுந்த புகாரை 2021ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் சமரசம் செய்து முடித்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நடை எண்ணும் ஆப் காண்டாக்ட் பட்டியலைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஓட்டப் பாதையைப் பொதுவில் வைக்காதீர்கள். வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் வசதி இருந்தால் போடுங்கள். மற்ற இடத்தில் பயன்படுத்தாத பாஸ்வேர்ட் வையுங்கள், இரண்டடுக்குப் பாதுகாப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) இயக்குங்கள். மூன்று மாதம் திறக்காத ஆப்பை நீக்கும்போது முதலில் உள்ளே போய்க் கணக்கை அழித்துவிட்டு அப்புறம் நீக்குங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால் தகவல் அவர்களிடமே இருக்கும். தள்ளுபடிக்காகக் காப்பீட்டு நிறுவனத்தோடு வாட்சை இணைக்கும்முன், எண் மோசமானால் என்ன நடக்கும் என்று ஒப்பந்தத்தில் படியுங்கள்.

படி 11: மருத்துவரிடம் கொண்டுபோவது

ஒரு வருடத் தகவலையும் போனில் உருட்டிக் காட்டினால் எந்த மருத்துவருக்கும் பொறுமை இருக்காது. ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மேலே உங்கள் கேள்வி. கீழே ஏழு நாள் பிபி சராசரி அல்லது அந்த ஒரு எண். எந்தக் கருவியில் அளந்தது. எந்தத் தேதியில் மாத்திரை மாறியது. எப்போதாவது படபடப்பு வந்ததா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். வாட்சில் எடுத்த இசிஜியை பிடிஎஃப் ஆக மாற்றி அச்செடுக்கலாம். படபடப்பு வந்த அந்த நிமிடத்தில் எடுத்தது என்றால் அதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது படபடப்பு அடங்கியிருக்கும். பிபி மெஷினையும் ஒரு தடவை எடுத்துப்போய் அங்கே இருப்பதோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

படி 12: கழற்றுவது

எழுதி வைத்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா? அப்படியானால் சில மாதம் கழற்றி வைத்துவிடலாம். என் பிபி கேள்வி இரண்டு மாதத்தில் முடிந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு தடவைதான் மெஷினை எடுக்கிறேன். எண்ணைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது, ஒரே மணி நேரத்தில் பத்து தடவை பிபி அளக்கிறீர்கள் என்றால் பதில் வரும்வரை காத்திருக்காமல் இன்றே கழற்றுங்கள், மருத்துவரிடமும் அதைச் சொல்லுங்கள்.

வாட்சை வேறு ஒருவருக்குக் கொடுப்பதென்றால் போனிலிருந்து இணைப்பை நீக்கி, உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள். வாங்குபவர் தன் வயதும் எடையும் போட்டுப் புதிதாகத் தொடங்கட்டும். அத்தைக்கு வாங்கிய பேண்டை அவர் வாக்கரை விட்ட பிறகு என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். மூன்று நாள் என் நடையும் அவர் கணக்கில்தான் ஏறிக்கொண்டிருந்தது.